மரச் சுவர் வெடிக்கும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒரே வளாகத்தில் வேலை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று ஆகிவிட்டிருந்தது. ரேக் கம்பெனி வேலை. ஊர் ஊராகப் போய்க் கிடங்குகளில் இரும்பு ரேக் மாட்டுகிற மனுஷன். எங்கள் அருங்காட்சியகத்தின் புது ஆவணக்கூடத்துக்கும் அவர்கள்தான் ரேக் போடுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, இந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள் என்று நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு புதுக் கட்டடத்துப் படியில் உட்கார்ந்தோம். "பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டே வேலைக்கு வந்துட்டான்னு பசங்க ஓட்டறானுங்க," என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

கட்டடம் முழுக்க மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டி, ஒரு சுவர் அளவுக்கு ஒரே பலகையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி நிறுத்தி, முழங்கை நீளத் திருகாணிகளால் முடுக்கியிருக்கிறார்கள். தூணும் உத்தரமும் கூரையும் அப்படித்தான். சிமெண்ட் அடித்தளத்தில் மட்டும். புகை குறைவு, மின்சாரம் குறைவு, பூமிக்கு நல்லது என்று இயக்குநர் போகிற இடமெல்லாம் பேசுகிறார். எனக்கு அதெல்லாம் அப்புறம். பழைய நிலவறையில் மழைக்காலத்தில் சுவர் வியர்க்கிறது. நில வரைபடங்களும் பழைய புகைப்படங்களின் கண்ணாடி நெகடிவ்களும் அங்கே மூச்சுமுட்டிக் கிடக்கின்றன. அடுத்த மழைக்கு முன்னால் அவற்றை இங்கே ஏற்றிவிட வேண்டும். ஆவணக் காப்பாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் போதுமா?

ஜூன் 9, திங்கள்

பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் எனக்குப் பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி இன்று இயக்குநர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்: "விறகுக்கு நடுவுல காகிதத்த அடுக்கி வைக்கறோமே, யாரும் யோசிக்கவே இல்லையா?"

கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் சிரித்தார். சின்ன வயதுப் பெண்தான். வேலையாட்கள் 'மரத்தம்மா' என்கிறார்கள். வாசலில் ஒரு தடித்த மரத்துண்டை நிறுத்தி, கேஸ் பர்னரால் ஒரு பக்கத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் கரிந்து கறுத்தது. "இந்தப் பக்கம் கை வைங்கம்மா," என்றார். வைத்தேன். சில்லென்று இருந்தது. மேலே படியும் கரிதான் உள்ளே இருக்கிற மரத்துக்குக் கவசமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மகள் கேட்கிறாள், "அப்போ இனிமே எதுக்கும்மா பயப்படுவ?" பாவம், அவளுக்கு என்னைத் தெரியாது.

ஜூன் 18, புதன்

குளிர்சாதன இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. எங்கோ துறைமுகத்தில் நிற்கிறதாம். கதவு ஜன்னல் எல்லாம் மூடியாகிவிட்டது. உள்ளே புதுச் சாயம், புதுப் பசை, வேலையாட்கள் மூச்சு, எல்லாம் சேர்ந்து ஒரே புழுக்கம்.

புழுக்கம் என்றாலே எனக்கு ஆகாது. பூஞ்சை எப்படி வருகிறது என்று பார்த்தவள் நான். நிலவறையிலிருந்து ஈரம் உறிஞ்சும் மெஷின் நான்கையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஹாலுக்கு ஒன்றாக வைத்துவிட்டேன். காகிதத்துக்கு நாற்பத்தைந்து ஐம்பது சதவீத ஈரம் சுகம். ஆனால் காகிதம்தான் இன்னும் வரவில்லையே. அது வருவதற்குள் அறை சுக்காகக் காய்ந்து கிடக்கட்டும் என்று குமிழைக் கடைசி வரை திருகினேன். நான்கு தொட்டியும் நிரம்ப நிரம்பத் தண்ணீர். இவ்வளவு ஈரமா இந்த மரத்துக்குள்!

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது ஹாலில் ஈரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பட்டென்று ஒரு சத்தம். யாரோ பலகையைத் தூக்கித் தரையில் ஓங்கி அறைந்த மாதிரி. மேலே ஆள் இல்லை. கீழே எதுவும் விழவில்லை. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது.

அவர் அடுத்த ஹாலில் தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்தார். ரேக்குகள் அந்தத் தண்டவாளத்தில்தான் உருளும். ஓடிப்போய்க் கேட்டேன். நிமிரவே இல்லை. "ஏப்பம் விடுது. புதுக் கட்டடத்துக்குக் கொஞ்சம் வாயுத் தொல்லை."

மரத்தம்மாவுக்குப் போன் போட்டேன். வேறு ஊரில் வேறு கட்டட வேலையில் இருக்கிறார். "ஆரம்பத்துல சின்னச் சின்னச் சத்தம் வரும்மா, பயப்படாதீங்க. உள்ள ஈரம் ஏறலையே?"

"ஏற விடுவேனா?" என்றேன்.

"அப்போ நல்லது," என்று வைத்துவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று மூன்று முறை. ஒன்று அவர் தலைக்கு நேர் மேலே.

ஜூலை 2, புதன்

யோசித்து யோசித்துப் பார்த்தேன். மரம் எங்கிருந்தோ ஈரம் குடிக்கிறது. குடித்தால் உப்பும். உப்பினால் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கினால் முறியும். இல்லாவிட்டால் தொட்டி தொட்டியாக இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரையில் எங்கோ ஓட்டை. அதைச் சொன்னால் மேற்பார்வையாளர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "ஒரு துளி இல்லம்மா" என்கிறார். அவருக்கென்ன, உள்ளே நிற்பது என் வீட்டுக்காரர்தானே.

புகைப்படப் பிரிவில் கெஞ்சி இன்னும் இரண்டு மெஷின் வாங்கி வைத்தேன். ஈரமானி இருபத்தாறு காட்டுகிறது. நிலவறையில் இந்த எண்ணைக் கனவில்கூடக் கண்டதில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

தைரியமாவது மண்ணாவது.

மூன்றாவது ஹாலின் நடு உத்தரத்தில் விரிசல். நீளவாக்கில், ஒரு ஆள் உயரத்துக்கு. ஏணி போட்டு ஏறி நகத்தை நுழைத்துப் பார்த்தேன், நுழைந்தது. அதற்கு நேர் கீழேதான் அவர் நாளெல்லாம் நிற்கிறார்.

இயக்குநரிடம் சொன்னேன். படம் எடுத்து மரத்தம்மாவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "நேர்ல வந்து பாக்கறேன், கவலைப்படாதீங்க" என்று பதில். எல்லாரும் என்னைக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள். கவலைப்படுகிற வேலையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நான் ஏன் படப்போகிறேன்?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், வேலையை விட்டுவிடுங்கள், வேறு ஊருக்குக் கேளுங்கள் என்று. தட்டைத் தள்ளி வைத்தார்.

"கேட்டு வாங்குங்கன்னு சொன்னதும் நீ. இப்ப விடுங்கன்னு சொல்றதும் நீ. நான் என்ன பொம்மையா?"

"தலையில விழுந்தா என்ன பண்றது?"

"விழட்டும். வீட்டுல இந்தப் புலம்பலைக் கேக்கறதுக்கு அது மேல்."

அப்படிச் சொல்கிற மனுஷன் இல்லை. நானும் அப்படி ஆக்குகிற ஆள் இல்லை. அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மகளிடம், "உங்கம்மா கட்டடத்துக்கே தாயத்து கட்டிடுவா போல" என்று சிரிக்கிறார். அது சமாதானக் கொடி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த விரிசல்தான் கண்ணுக்குள்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜூலை 16, புதன், ஆஸ்பத்திரி

எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்.

நேற்றுக் காலை நிலவறையில் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம். அங்கிருந்து ஒரு சத்தம். இதுவரை வந்த மாதிரி இல்லை. ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. முடிஞ்சுது, உத்தரம் போயிடுச்சு, அவர் கீழ இருக்காரு, இதுதான் மனசுல ஓடுச்சு, வேற எதுவும் ஓடல. போனை எடுத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் சொல்கிறார்: "இறங்குங்க, விழுது, விழுது, ஓடி வந்துடுங்க!"

அவர் ஏணியில் மேல்படியில் நின்றிருக்கிறார். ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் போனில் நான். இறங்கவில்லை, குதித்திருக்கிறார். கால் ரேக் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது உத்தரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கூரை இருந்தது. சுவர் இருந்தது. ஒரு தூசு விழவில்லை. அவர் மட்டும் தரையில்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும். தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் முதல் வார்த்தை: "கட்டடம் என்னைத் தொடக்கூட இல்ல. உன் போன்தான் தள்ளிவிட்டுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

வெளியே நடைக்கூடத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

வேலையை நிறுத்திவிட்டார்கள். நிர்வாகக் குழு கூடியிருக்கிறது. கூரையைக் கழற்றிவிட்டு இரும்பும் கான்கிரீட்டும் போடலாம் என்று ஒரு பேச்சு. மரத்தம்மாவை நீக்கிவிடலாம் என்று ஒரு பேச்சு. இயக்குநர் என்னைப் பார்த்து, "நீங்க அப்பவே சொன்னீங்க" என்றார். எவ்வளவு நாளாக அந்த வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது ஒரு சொட்டு மகிழ்ச்சி இல்லை.

கான்கிரீட் என்றால் இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகும். நிலவறை தாங்காது.

ஜூலை 22, செவ்வாய்

மரத்தம்மா வந்துவிட்டார். முகம் வெளிறி, தூங்காத கண்ணோடு. கூரை பார்க்கவில்லை, உத்தரம் பார்க்கவில்லை. வாசல் தாண்டி நாலு அடி வைத்தவர் அப்படியே நின்று மூக்கால் மூச்சு இழுத்தார்.

"ஏன் இவ்வளவு வறட்சியா இருக்கு?"

பையிலிருந்து இரண்டு ஊசி நீட்டிய கருவியை எடுத்துச் சுவரில் குத்தினார். இன்னொரு சுவர். உத்தரம். திரும்பித் திரும்பிக் குத்தினார். "மரத்துல ஈரம் பன்னண்டு இருக்கணும். ஏழு காட்டுது. மரத்துக்குள்ள இருந்த தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

மூலையில் என் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வேலை நின்ற பிறகும் அதை நான் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"இத யாரு வச்சது?"

"நான்தான்."

"எத்தனை இருக்கு?"

"ஆறு."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

மரம் ஈரம் குடித்து உப்பவில்லையாம். ஈரத்தை இழந்து சுருங்கியிருக்கிறது. மேல்தோல் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே இருப்பது சுருங்காமல் பிடித்து நிற்க, தோல் பிளக்கிறது. அந்தப் பிளவுதான் வெடிக்கிற சத்தம். தொட்டி தொட்டியாக நான் கொண்டுபோய்க் கொட்டியது கூரை ஓட்டைத் தண்ணீர் இல்லை. அந்தக் கட்டடத்தின் தண்ணீர்.

சத்தம் கேட்டது, பயந்தேன். பயந்ததால் இன்னும் உறிஞ்சினேன். உறிஞ்சியதால் இன்னும் சத்தம். ஐயோ, இத்தனை நாளும் நான்தான் வெடிச்சுக்கிட்டு இருந்தேனா?

"விழுந்துடுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீளவாக்குல வர்ற விரிசல். பலம் போகாது. கணக்குப் போட்டுக் காட்டறேன், குழுவுக்கும் காட்டறேன்." கருவியைப் பையில் வைத்துக்கொண்டே, "நானும் வந்து பாத்திருக்கணும்மா. ஈரம் ஏறுதான்னு கேட்டேனே, இறங்குதான்னு கேக்கத் தோணல. இந்தச் சுவர் தானா ஈரத்த வாங்கும், தானா விடும். சும்மா விட்டிருந்தாலே போதும்" என்றார்.

சும்மா இருப்பது. எனக்கு வராத ஒரே வேலை.

ஜூலை 25, வெள்ளி

குழுவின் முன் எழுந்து நின்று, மெஷின்களை வைத்தது நான், பொறியாளர் அல்ல என்று சொன்னேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். கூரை பிழைத்தது. மரத்தம்மாவும் பிழைத்தார்.

வீட்டில் அவரிடம் சொல்லத்தான் நாக்கு வரவில்லை. நாளைக்கு.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன். வீட்டில்தான், கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். விட்டத்தைப் பார்த்தார். "அப்போ அது பாட்டுக்கு இருந்திருக்கும்," என்றார். கேலி ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மரத்தம்மா சொல்லிக்கொடுத்த முறை: ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுவது. கோட்டைத் தாண்டினால் வளர்கிறது, தாண்டாவிட்டால் தூங்குகிறது. மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவிடுகிறோம். எதையும் அவசரப்படுத்தக் கூடாதாம். ஏணி ஏறிக் கோடுகளைப் பார்ப்பது என் வேலை. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினேன் என்று காவலாளி சொல்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எந்தக் கோடும் தாண்டவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு சத்தம், அதுவும் விரல் சொடுக்கின மாதிரி. நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

வீட்டில் மகள் அலமாரிக் கதவை அடித்துச் சாத்தினாள். அவர் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். உடைந்த காலோடு. நெற்றியில் வியர்வை. "கால் இழுத்துச்சு," என்றார். நாங்கள் இரண்டு பேரும் நம்பின மாதிரி இருந்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ரேக் வேலை முடிந்தது. அவருடைய கூட்டாளி முடித்தான். ஒரு விரலால் தள்ளினால் வரிசை முழுக்க உருள்கிறது. காட்டலாம் என்று ஆட்டோ வைத்து அவரை அழைத்துப் போனேன். ஊன்றுகோலோடு வாசல் வரை நன்றாகத்தான் வந்தார். உள்ளே மர வாசனை அடித்தது. எனக்கு இப்போது பிடித்துப்போன வாசனை.

அவர் நின்றுவிட்டார். மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"வாங்க. நான் இருக்கேன்ல."

"கால் வலிக்குது. இன்னொரு நாள் பாப்போம்."

ஊன்றுகோல் பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அது எனக்குச் சொந்தமான நடுக்கம். கிடங்குக் கூரைகளில் குரங்கு மாதிரி தொங்கிய மனுஷன். போன் வழியாக, ஒரே ஒரு நொடியில், என்னிடம் இருந்த பயம் மொத்தத்தையும் அவர் காதில் ஊற்றிவிட்டேன். எலும்புக்குத் தகடு வைத்தார்கள். இதற்கு என்ன வைப்பது?

செப்டம்பர் 18, வியாழன்

"வேற பிரிவுக்கு மாத்திக் கேளேன்," என்கிறார்.

"ஏன்?"

"நீ அங்க உள்ள போயிட்டா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். வெளில வந்தேன்னு சொல்ற வரைக்கும் ஒரு வேலையும் ஓடல."

கோடுகளைப் பற்றி விளக்கினேன். சுருங்குவது, பிளப்பது, பலம் போகாதது, எல்லாம். தலையாட்டினார். மரத்தம்மா எனக்கு விளக்கியபோது நானும் இப்படித்தான் தலையாட்டியிருப்பேன். பொம்மையா என்று அன்று அவர் கேட்ட மாதிரி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

அக்டோபர் 1, புதன்

கண்ணாடி நெகடிவ்கள் முழுவதும் ஏறிவிட்டன. ஒன்றுகூட உடையவில்லை! நாளையிலிருந்து வரைபடங்கள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 9, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. நிலவறைச் சுவர் வியர்க்க ஆரம்பித்தபோது அங்கே நனையக் காகிதம் எதுவும் இல்லை. கடைசி வண்டி உள்ளே வந்து கதவைச் சாத்தியாகிவிட்டது. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் மூன்றாவது ஹாலில் வரைபடப் பெட்டிகளை எண் வாரியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். மழை கூரைக்கு மேலே எங்கோ தூரத்தில். கனமான மரம், சத்தத்தை உள்ளே விடுவதில்லை. ஈரமானி நாற்பத்தேழு. நிம்மதி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்."

"உள்ளயா?"

உள்ளே என்று சொல்ல வாய் வரவில்லை. "வெளில, வாசல்ல."

"இங்க கொட்டுது. அங்க மழைச் சத்தமே கேக்கலயே."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. வேக வேகமாக. நான் எதுவும் விளக்கவில்லை. கையிலிருந்த பெட்டியை ரேக்கில் வைத்துவிட்டு நடந்தேன். இரண்டு ஹால் தாண்டி, கதவைத் திறந்து, படியிறங்கி முற்றத்தில் போய் நின்றேன். குடை இல்லை. போனைக் கை நீட்டி மழையில் பிடித்தேன்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது," என்றார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அங்கயே நில்லு."

நின்றேன். டீ முடிந்து திரும்பியவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.